"170னு போடு தம்பி"

சார் சொந்தமாகக் கட்டிய இரண்டு இருக்கை விமானத்தை எடை போட மெக்கானிக்காகப் போயிருந்தேன். எடைத் தாளில் நிரப்ப வேண்டிய கட்டங்களில் இரண்டுதான் மிச்சம்: ஓட்டுபவரின் எடை, பக்கத்தில் உட்காருபவரின் எடை. சார் யோசிக்கவே இல்லை. "ரெண்டுக்கும் 170னு போடு தம்பி" என்றார்.

170 பவுண்டு, அதாவது 77 கிலோ. அமெரிக்காவில் சின்ன விமானங்களுக்கான பழைய புத்தகங்களில் ஓர் ஆளுக்கு வைக்கும் கணக்கு அது. பலரும் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் என் எதிரே நின்ற சார் 170 இல்லை. அது அவருக்கும் தெரியும், பக்கத்து ஹேங்கரிலிருந்து (விமானக் கொட்டகை) வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேருக்கும் தெரியும்.

"தராசு இங்கேயேதானே சார் இருக்கு. ஒரு தடவை ஏறி நின்னுடுங்களேன்."

நான் சொன்னது அவ்வளவுதான். மரியாதை குறையாமல்தான் சொன்னேன். குரலில் கொஞ்சம் கேலி இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. இருந்திருக்காது.

அன்று காலை முழுக்க நாங்கள் அரை பவுண்டுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். டெக்சாஸ் வெயிலில் ஹேங்கர் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தோம். லேசான காற்று பட்டால்கூட இறக்கை தூக்கிக்கொடுக்கும், எடை குறைத்துக் காட்டும். பெட்ரோலை வடித்தாயிற்று, ஆயில் முழு அளவு. பிரேக்கை விட்டுவிட்டோம், சக்கரம் தராசுத் தட்டில் இறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக. ஆர்வி-7 என்ற அவருடைய விமானம் வால்சக்கர வண்டி. தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் வாலை ஸ்டாண்டில் ஏற்றி, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை துண்டுத் தகடுகளைச் சொருகினோம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூல் ஆடி நிற்கும்வரை சார் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தரையில் ஒட்டிய டேப்பில் பென்சிலால் ஒரு புள்ளி.

இடது சக்கரம் 519, வலது 515, ஸ்டாண்டின் எடையைக் கழித்து வால் 56. மொத்தம் 1,090 பவுண்டு. இறக்கி, மறுபடி ஏற்றினோம், அதேதான் வந்தது. இறக்கை முன்விளிம்புக்கு 70 அங்குலம் முன்னால் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து அளந்தால் வெறும் விமானத்தின் சி.ஜி., அதாவது மொத்த எடையும் சமநிலையில் நிற்கும் ஈர்ப்பு மையம், 80.1 அங்குலத்தில். இந்த மாடலில் அது பின்னால் போகக்கூடிய எல்லை 86.82. தசமத்துக்கு அப்புறம் இரண்டு இலக்கம் இருக்கிறது, கவனியுங்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்து அளந்த பிறகு, உள்ளே உட்காரப்போகிற இரண்டு பேரை மட்டும் குத்துமதிப்பாக எழுதச் சொன்னால் எப்படி?

என் பக்க நியாயம் இதுதான். இதை நான் எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. என்னை அழைத்தது வெறும் விமானத்தின் எடைக்கு. யார் ஏறுகிறார்கள், எவ்வளவு மூட்டை ஏற்றுகிறார்கள் என்பது ஓட்டுபவர் ஒவ்வொரு முறையும் போட வேண்டிய கணக்கு, மெக்கானிக்கின் வேலை இல்லை. அதிலும் சொந்தமாகக் கட்டிய விமானத்துக்குச் சட்டப்படி உற்பத்தியாளர் கட்டியவர்தான். அதிகபட்ச எடை எவ்வளவு என்று எழுதும் உரிமையே அவருடையது. கட்டுவதற்கான பாகங்களை கிட்டாக விற்ற நிறுவனம் 1,800 பவுண்டு என்கிறது. சார் 1,900 என்று எழுதினால் நான் தடுக்க முடியாது. அவர் எழுதவில்லை. 1,800 என்றே எழுதினார். அந்த நேர்மைக்காரரைத்தான் நான் தராசில் ஏறச் சொன்னேன்.

சார் சிரித்துச் சமாளித்தார். "எடை போட வந்தது ஏரோப்ளேனைத்தானே தம்பி" என்றார். அதோடு போயிருக்கும். ஆனால் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, சாரின் மனைவி, எழுந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டில் ஏறி நின்றார்கள். யாரும் கேட்கவில்லை. 172. இறங்கி, "நீங்களும் ஏறுங்க" என்றார்கள் அவரிடம். அதற்கப்புறம் அவர் எப்படி ஏறாமல் இருப்பார்? 214.

நான் கணக்கைத் திருத்தினேன். 170, 170, பின்னால் பெட்டி 90 பவுண்டு, டேங்க் நிறைய 42 காலன் என்று போட்டபோது கிளம்பும் எடை 1,772 வந்திருந்தது. இப்போது 1,818. அதைவிட முக்கியம் இறங்கும் நேரம். இந்த விமானத்தில் டேங்க் 80 அங்குலத்தில், இருக்கை 97.5-இல், பெட்டி 126.8-இல். பெட்ரோல் எரிய எரிய முன்பக்கத்துக் கனம்தான் குறையும், சி.ஜி. பின்னால் நகரும். சார் போட்டிருந்ததோ எடை குறைந்த காம்போசிட் புரொபெல்லர். மூக்கில் அந்தக் கனமும் இல்லை. ஐந்து காலன் மிச்சத்தோடு இறங்கினால் பழைய கணக்கில் 86.62, எல்லைக்குள். புதுக் கணக்கில் 86.93.

"மாட்டு வண்டியில பின்பாரம் ஆயிடுச்சுன்னா நுகத்தடி மேல தூக்குமே, அதானே?" என்றார் சார். அதேதான் என்றேன். வண்டியில் ஆள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் தீர்ந்தது. இங்கே ஓட்டும் ஸ்டிக் கைக்கு லேசாகிவிடும், ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், மூக்கு தானாகக் கீழே இறங்கத் தயங்கும், சுழலில் மாட்டினால் வெளியே வருவது கஷ்டம்.

அம்மா தாளை எட்டிப் பார்த்தார்கள். "அப்போ எங்க ரெண்டு பேர்ல யார் இறங்கணும்?"

வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்கள். "யாரும் வேண்டாம்மா, பெட்டியில பாதியை இறக்கினா போதும்" என்றேன். அது உண்மை. 45 பவுண்டு குறைத்தால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்துவிடும். ஆனால் பேரனைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டியிடம் பெட்டியில் பாதியை இறக்கு என்பது எளிதான பேச்சு இல்லை.

பத்தில் ஒரு பங்கு அங்குலம். அதற்காகவா இவ்வளவும்? எல்லையைத் தாண்டிய அந்த நொடியே விமானம் விழுந்துவிடாது. சோதனைப் பறத்தலில் தனியாக, மணல் மூட்டை வைத்துப் படிப்படியாகப் பின்னால் நகர்த்தி அவரே பார்த்திருப்பார். அன்று நான் அமெரிக்காவின் சார்லட்டில் 2003 ஜனவரி 8-இல் விழுந்த பீச் 1900 என்ற சிறு பயணிகள் விமானத்தை வேறு உதாரணம் காட்டினேன். 21 பேர் இறந்தார்கள். பயணிகளுக்குச் சராசரி எடை வைத்துப் போட்ட கணக்கு நிஜத்துக்குக் குறைவாக இருந்தது, சி.ஜி. எல்லைக்குப் பின்னால் போயிருந்தது. அதன் பிறகுதான் அமெரிக்காவில் அந்தச் சராசரிகளையே உயர்த்தினார்கள். ஆனால் அதில் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதியான எலிவேட்டரின் கேபிளைத் தப்பாகச் சரிசெய்திருந்ததும் சேர்ந்துதான் விபத்து. அந்தப் பாதியை நான் சாரிடம் சொல்லவில்லை. பயமுறுத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. பேச்சு வாக்கில் விட்டுப்போனது.

விமானம் நன்றாகப் பறக்கிறது. சோதனை மணிநேரமெல்லாம் முடிந்து நாளாகிவிட்டது. பேரனைப் பார்க்க சார் தனியாகப் பறந்து போகிறார், அம்மா காரிலோ ஏர்லைனிலோ போகிறார்கள் என்று கேள்வி. நேரில் பார்த்தபோது காரணம் கேட்க வாய் வரவில்லை. அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் ஏற விருப்பம் இல்லாமல் இருந்திருக்கலாம்; என் தராசு ஒரு சாக்காக அமைந்திருக்கலாம். அல்லது நான்கு பேர் முன்னால் எண் வந்து நின்றதுதான் காரணமோ. பாதுகாப்பாக இருக்கிறார்கள், அது போதாதா என்றால், அவர் இரண்டு இருக்கை வைத்துக் கட்டினாரே.

இப்போதெல்லாம் வெறும் எடையையும் சி.ஜி.யையும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆட்களுக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, பென்சிலையும் அங்கேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுகிறேன். போன தடவை ஒருவர் இரண்டு கட்டத்திலும் 170 என்று எழுதி வைத்திருந்தார். "ஷூ, ஹெட்செட் எல்லாம் சேர்த்தா?" என்று மட்டும் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றை அழித்து 185 ஆக்கினார். அதுவும் சரியா என்று நான் கேட்கவில்லை.