தேர்வுக்கு முந்தைய இரவு

இன்று தேர்வு அறையில் மேற்பார்வைக்குப் போயிருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி. பேனா பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பதிவு எண்ணையே இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். அருகில் போய் என்னம்மா என்று கேட்டேன்.

"ராத்திரி பூரா தூங்கலை மேம். எனர்ஜி டிரிங்க் மூணு டின் குடிச்சேன். காலையில ஒண்ணும் சாப்பிடலை."

மனசே கனத்துப் போச்சு. 500 மில்லி டின் ஒன்றில் சுமார் 160 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் வரம்பு. குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தாலும் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே நிற்கும். நடுக்கம் வராமல் என்ன செய்யும்?

சிகரெட், வேப் என்றால் கண்டிக்க ஆள் இருக்கிறது. விடிய விடிய விழித்தால் மட்டும் பாராட்டுகிறோம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். படித்தது மனதில் பதியவும் தூக்கம் வேண்டும். தூங்காமல் படித்த பிள்ளை, படித்ததையே இழக்கிறது.

தண்ணீர் கொடுத்து, ஐந்து நிமிடம் கண்ணை மூடி இருக்கச் சொன்னேன். அப்புறம் மெதுவாக எழுத ஆரம்பித்தாள். அடுத்த தேர்வு வியாழக்கிழமை. புதன் இரவு பதினொரு மணிக்குப் படுத்துவிடுகிறேன் மேம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.