சிங்க் ஓரத்து நாட்குறிப்பு: துரைப்பாக்கம், சென்னை, 2019

ஜூன் 9, ஞாயிறு

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. சம்ப்பின் அடியில் சேறு தெரிகிறது என்று காவலாளி சொன்னார். நேற்றிரவு சாப்பிட்ட தட்டுகளும், பால் பொங்கிக் கருகிய பாத்திரமும், கோவைத் தோழி மீன் வறுத்த வாணலியும் சிங்க்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எண்ணெய்ப் பாத்திரத்தை மற்றவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது என்று இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் சொல்லி வருகிறேன். வாணலியின் எண்ணெய் டம்ளர்களில் படிந்துவிட்டால், ஒரு சொம்புத் தண்ணீரில் முடிய வேண்டிய வேலைக்கு அரை வாளி செலவாகிறது. முதலில் டம்ளர், பிறகு தட்டு, அதன் பிறகு சோற்றுப் பாத்திரம், கடைசியாக வாணலி என்ற வரிசையில் கழுவினால், டம்ளர் அலசிய தண்ணீரே வாணலியின் முதல் கழுவலுக்குப் போதும். அரிசி களைந்த தண்ணீரையும் யாரும் கொட்டக் கூடாது. அதிலிருக்கும் மாவுச்சத்து பிசுக்கை எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வாடகையைப் பங்கிட்டு இங்கே வாழும் நாங்கள் நால்வரும் பார்க்கும்படி, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

எங்களில் இளையவளான சின்னவள் சாப்பிடவில்லை. குழம்பு கொதிக்கும் வாசனை வந்தாலே குமட்டுகிறது என்கிறாள்.

ஜூன் 11, செவ்வாய்

அவளுடைய கண்கள் மஞ்சளாகிவிட்டன. இரவுப் பணி முடிந்து வந்த அக்கா, சன்னல் வெளிச்சத்தில் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தவுடனே ஆட்டோ அழைத்துவிட்டார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ என்று மாலையில் உறுதியானது.

ஜூன் 12, புதன்

கோவைத் தோழி கடைக்குப் போய் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் வாங்கி வந்து, இரண்டின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, இவை சின்னவளுக்கு மட்டும் என்று அடுக்களைத் திண்டின் ஓரத்தில் தனியாக வைத்தாள். அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரை நோய், மாதம் ஒருமுறை அவள் ஊருக்குப் போக வேண்டும், அவளுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

அக்கா பொறுமையாக விளக்கினார். இந்தக் கிருமி மலத்தின் வழியாக வெளியேறி, கழுவாத கையின் மூலமோ அசுத்தமான தண்ணீரின் மூலமோ இன்னொருவர் வாய்க்குப் போகிறது. கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் அது மிக அதிகமாக வெளியேறுகிறது. மஞ்சள் தெரிந்து ஒரு வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அப்படியென்றால், தட்டைப் பிரிக்க வேண்டிய நாட்களில் நாம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரே வாளியில் அலசி முடித்துவிட்டோம். இப்போது வைக்கும் புள்ளியால் யாருக்குப் பாதுகாப்பு? கழிவறைக்குப் போய் வந்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், சின்னவள் சில நாட்கள் சமைக்காமல் இருப்பதும் போதும் என்று அக்கா சொன்னார். கோவைத் தோழி தலையசைத்தாள். புள்ளியை அழிக்கவில்லை.

அப்பத்தாவின் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கான குவளைகள் கூரைக்கு வெளியே கம்பியில் தனியாகத் தொங்கும். குடித்தவரே அதைக் கழுவி அதே கம்பியில் மாட்ட வேண்டும். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அந்தக் கம்பி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே இருந்ததாக அப்பத்தா சொல்வார். நோய்க்காகப் பிரிப்பதும் பிறப்புக்காகப் பிரிப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் கண் அந்தத் திண்டின் ஓரத்துக்கே போகிறது.

ஜூன் 13, வியாழன்

15 முதல் 50 நாட்கள், சராசரியாக 28. கிருமி உடலில் நுழைந்து நோய் வெளிப்படும் வரை ஆகும் காலம் இது. நம் நாட்டில் பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே இது வந்து, தெரியாமலே போய், வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றல் தங்கிவிடுகிறதாம். நான் அந்தப் பலரில் ஒருத்தியா என்பது தெரியவில்லை.

ஜூன் 15, சனி

லாரி வந்தது. பழைய விலையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். பேரம் பேசும் நிலையில் யாரும் இல்லை. தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது. சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. காய்ந்த பிறகு எவர்சில்வர் தட்டுகளில் வெள்ளையாகப் படலம் படிகிறது. புளித் தண்ணீரில் சற்று ஊறவைத்துத் தேய்த்தால் அந்தப் படலம் போய்விடுகிறது, ஆனால் மறுபடி அலசுவதற்கும் இதே தண்ணீர்தான்.

இன்று சிங்க் குழாயின் கீழே 12 லிட்டர் வாளியை வைத்துப் பார்த்தேன். முழுவதும் திறந்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் நிரம்பிவிடுகிறது. வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று இந்தியத் தர அமைவனத்தின் கணக்கு சொல்கிறது. அதில் குளிக்க 55, கழிவறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10. நான்கு பேருக்கு 40 லிட்டர் என்றால், குழாயைத் திறந்துவிட்டுத் தேய்ப்பவர் ஐந்து நிமிடத்தில் வீட்டின் ஒரு நாள் பங்கைத் தீர்த்துவிடுகிறார். இதைக் கோவைத் தோழியிடம் காட்டினேன். அவள் மறுக்கவில்லை, ஆனால் கேட்ட கேள்வி நியாயமானது: நோய் இருக்கும் வீட்டில் தண்ணீரைக் குறைத்துக் கழுவுவது சரியா?

ஜூன் 16, ஞாயிறு

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

ஜூன் 19, புதன்

அலுவலகத்தில் தண்ணீர் இல்லை என்பதால் எங்கள் குழுவை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் நிரம்பினால் 11,257 மில்லியன் கன அடி; இன்று அதில் ஒரு விழுக்காடுகூட இல்லை. இதுவரை அலுவலக உணவகத்தில் கழுவப்பட்ட மதிய உணவுத் தட்டுகளும் காப்பிக் கோப்பைகளும் இப்போது எங்கள் சிங்க்குக்கு வந்துவிட்டன. ஆளுக்கொரு கோப்பை, நாள் முழுவதும் அதே கோப்பை என்று முடிவு செய்தோம். அதற்கு யாரும் புள்ளி வைக்கவில்லை. அவரவர் கோப்பை அவரவர்க்குத் தெரிகிறது.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஏழு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 113 பேரிடம் 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கொடுத்துக் கையால் கழுவச் சொன்னார்களாம். சராசரியாக 103 லிட்டர் செலவானது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழக்கத்தால் வரும் வேறுபாடு என்றால், பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

ஜூன் 20, வியாழன்

மழை. பல மாதங்களுக்குப் பிறகு மழை! பால்கனியில் குக்கர், அண்டா, வாளி, இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் வைத்தோம். சின்னவள் போர்வையோடு வந்து நின்று பார்த்தாள். அதிகம் சேரவில்லை, சேர்ந்த தண்ணீரில் டம்ளர்களைக் கழுவியபோது சோப்பு நன்றாக நுரைத்தது, தட்டில் ஒரு வெள்ளைக் கறைகூட இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பற்றி இன்று பெரிய வாக்குவாதம். சின்னவளின் தட்டுக்குத் தனிப் பஞ்சு வேண்டும் என்று கோவைத் தோழி கேட்டாள். ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் வீடுகளில் பயன்பட்ட பஞ்சுகளைச் சோதித்து, சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருப்பதைக் கண்டார்கள். அடிக்கடி சுத்தம் செய்யப்பட்டதாகச் சொன்ன பஞ்சுகளிலும் அவை குறைவாக இல்லை. அப்படியிருக்க, ஒருவருக்கு மட்டும் தனிப் பஞ்சு என்பது என்ன தீர்வு? நான்கு பேரின் பஞ்சும் சேர்ந்தே போகட்டும் என்றேன். ஊரிலிருந்து வந்த தேங்காய் நாரைச் சிறு சிறு கொத்துகளாகக் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு வேளைக்கு ஒரு கொத்து. தேய்த்து முடித்ததும் எறிந்துவிடலாம். நார் விரைவில் காய்கிறது, ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்வதில்லை. இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஜூன் 26, புதன்

லாரி இல்லை. தோசைக் கல்லை மட்டும் துணியால் துடைத்து வைத்தோம், அதற்கு என்றைக்கும் தண்ணீர் தேவையில்லை.

ஜூன் 27, வியாழன்

கோவைத் தோழியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சோப்பு இந்தக் கிருமியைக் கொல்லாது என்று அக்கா சொன்னார். சில வைரஸ்களுக்கு வெளியே கொழுப்புறை உண்டு; சோப்பு அதைக் கரைத்துவிடும். ஹெபடைடிஸ் ஏ வைரஸின் வெளிப்பக்கம் புரதம். அதைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் தளர்த்தி, ஓடும் தண்ணீரில் அடித்துச் செல்ல வைக்க வேண்டும். அதற்குத்தான் நம்மிடம் தண்ணீர் இல்லை. ஆனால் 85 டிகிரி வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தால் அது செயலிழந்துவிடும். வெந்நீரில் மூழ்க வைக்க ஒரு குண்டான் தண்ணீர் வேண்டும். ஆவிக்கு அவ்வளவு வேண்டாம். இட்லிக் கொப்பரையின் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி மூடி, ஆவி நன்றாகப் பொங்கி வந்த பிறகு ஐந்து நிமிடம் விட்டோம். எடுத்தபோது தட்டுகள் தாமாகவே காய்ந்துவிட்டன. கொப்பரையில் மிஞ்சிய தண்ணீர் வாணலியின் முதல் கழுவலுக்குப் போனது.

எல்லாத் தட்டுகளையும் சேர்த்தே வைத்தோம். புள்ளியிட்ட தட்டை நான்தான் நடுவில் வைத்தேன். கோவைத் தோழி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், எதுவும் சொல்லவில்லை. இட்லித் தட்டில் மாவு ஊற்றும் அதே கொப்பரையா என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். அக்கா ஆம் என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

இரவு ஒரு மணிக்கு அடுக்களையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். சின்னவள் விளக்குப் போடாமல், தன் தட்டையும் டம்ளரையும் ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். பகலில் எங்களோடு சாப்பிட்டுவிட்டு, என் தட்டை அப்புறம் கழுவுகிறேன் என்று அவள் சொல்லி வந்ததை இவ்வளவு நாளும் சோர்வு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். கழுவிய தட்டைத் தன் அறைக்கு எடுத்துப் போய் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாள். நின்றால் கால் நடுங்குகிறது, இன்னும் கண்ணில் மஞ்சள் முழுமையாக வடியவில்லை. இந்த உடம்போடு நள்ளிரவில் எழுந்து கழுவுகிறாள்.

“அக்கா, யாருக்கும் சங்கடம் வேண்டாம்னுதான்” என்றாள்.

எனக்கு வந்த கோபம் அவள்மேல் அல்ல. குடித்தவரே கழுவி மாட்ட வேண்டும் என்ற அந்தக் கம்பியை யாரும் கட்டளையிட்டு இந்த வீட்டில் கட்டவில்லை. அது ஒரு புள்ளியில் தொடங்கியது. புள்ளி வைத்தவளுக்கே தெரியாமல், புள்ளி வைக்கப்பட்டவள் மீதியைத் தானே செய்து முடித்துவிட்டாள். ஒருவர் உண்ட எச்சில் தட்டை இன்னொருவர் கையால் தேய்ப்பது சிறிய வேலை அல்ல. நான்கு ஊர்களிலிருந்து வந்தவர்கள், வாடகையைப் பங்கிட்டுக்கொள்வதைத் தவிர வேறு உறவு இல்லாதவர்கள், ஒருவர் தட்டை ஒருவர் கழுவுவதால்தான் இது வீடாக இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் தாளில் எழுதி ஒட்டுகிறேன், அதனால்தான் வாளியை அளக்கிறேன்.

தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

கோவைத் தோழியிடம் பேசினேன். அழுதாள். அசிட்டோன் ஊற்றித் துடைத்ததில் தட்டின் புள்ளி போய்விட்டது. டம்ளரில் லேசாக இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

கேன் தண்ணீரும் தட்டுப்பாடு. எல்லோரும் எரிச்சலில் இருக்கிறோம். தாளைக் கதவிலிருந்து யாரோ கிழித்திருக்கிறார்கள். மறுபடி எழுதி ஒட்டிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் இன்று வில்லிவாக்கத்துக்கு வந்தது. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். பாத்திரம் கழுவுவதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை லட்சம் பேரின் ஒரு நாள் பங்கு. நகரத்துக்கு நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துக்கொண்டிருந்த குடிநீர் வாரியம் இப்போது 52.5 கோடி லிட்டர்தான் கொடுக்கிறது. அந்தக் குழாய்த் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வருவதே இல்லை.

சின்னவளின் ரத்த முடிவு நன்றாக இருக்கிறது. பாத்திர முறைப் பட்டியலில் தன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, ஞாயிறு மதியத்தை எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

காலையிலிருந்து குமட்டல். தாளிக்கும் வாசனை பொறுக்கவில்லை. அக்காவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். நால்வரும் கூடத்தில் இருக்கும்போதே சொன்னேன். கோவைத் தோழி எழுந்து போய் என் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கொப்பரையில் வைத்தாள்.

ஜூலை 15, திங்கள்

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு மாலை ஐந்து மணிக்குக் கிடைக்கும் என்றார்கள். லாரி வருவதாகச் சொன்ன நேரமும் அதுதான், கீழே நின்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.