இன்னும் ஏழு மணி ஆகல்ல

அந்த வீடியோவைக் குரூப்பில் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2025 நவம்பர் கடைசியில் இலங்கையை அடித்த டித்வா புயல் போய் இரண்டாவது கிழமை. மலைநாட்டில் மண் சரிந்து வீடுகள் புதைந்ததையும், செத்தவர்களின் கணக்கு 600ஐத் தாண்டிப் போனதையும் இரவு பகலாகப் பார்த்து என் மண்டை காய்ந்து கிடந்தது. மார்கழி எங்களுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற காலம். போனை நூல்கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, மெசினை மிதித்துக்கொண்டே பார்ப்பேன். அப்படிப் பார்த்து ஒரு சட்டைக்குக் கையைப் புறம் மாற்றித் தைத்தேன். இன்னொரு நாள் ஊசி நகத்திலேயே இறங்கியது. அப்போதும் போனை நிற்பாட்டவில்லை, விரலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

அன்றைக்கு வந்த வீடியோவில் கறுப்புத் தண்ணீர் வீடுகளைச் சுருட்டிக்கொண்டு வந்தது. கீழே, 'சற்றுமுன்! கிழக்குக் கரையோர மக்கள் அவதானம்!' நெஞ்சு அடித்த அடியில் ஒன்றும் யோசிக்கவில்லை. சொந்தக்காரர் குரூப்புக்குத் தட்டிவிட்டேன்.

பின்னால் நின்ற என் மகனுக்கு ஒன்பது வயது. "அம்மா, எங்கட ஊர்ல ஸ்னோ விழுமா?" என்று கேட்டான். அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். அங்கே தூறிக்கொண்டிருந்தது மழை இல்லை. மட்டக்களப்பில் எந்தக் காலத்தில் ஸ்னோ விழுந்தது? 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி அடித்தபோது எடுத்த வீடியோ அது.

நான் அதை அழிப்பதற்குள், பாண்டிருப்பில் இருக்கிற மாமி சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு, பேத்தியை இழுத்துக்கொண்டு, செருப்பும் இல்லாமல் மெயின் றோட்டுக்கு ஓடிவிட்டார். பிரஷர்காரி. அங்கே சனம் ஆறுதலாக மீன் விலை பேசிக்கொண்டு நின்றதாம்.

"போனைத் தூக்கி ஒரு பக்கம் வை, பயப்படாத" என்று என் மனுசன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அவர் ஊர் செங்கலடிப் பக்கம். கடலோடு வளர்ந்தவர் இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள். சுமாத்திராப் பக்கம் கடலடி உடைந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் அலை மட்டக்களப்புக் கரையில் இருக்கிற எங்கள் நாவலடிக்கு வந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மம்மா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அந்த நாளை இங்கே எழுதப் போவதில்லை.

அதனால் செய்தி பார்ப்பது எனக்குக் காவல் இருக்கிற மாதிரி. நான் கண்ணை எடுத்தால் கடல் வந்துவிடும். மடத்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? பின்னேரம் இரண்டு மணி கழிந்து, சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுக்கம். எச்சரிக்கை வந்தது, ஓடினோம். கல்லடியில் அப்போது பழைய பாலம் மட்டும்தான், புதுப் பாலம் திறந்தது அடுத்த வருசம். ஓட்டோவும் சைக்கிளும் ஆளுமாக நெருக்குப்பட்டு நகரவே முடியவில்லை. கடல் வரவில்லை. நிலத்தட்டு மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் தண்ணீரைத் தூக்கவில்லை என்று பிறகு வாசித்தேன். ஆனாலும் அன்றைக்கு ஓடியது சரி. அது ஓடச் சொன்ன செய்தி. மற்றதெல்லாம் என்னைக் கதிரையில் இருத்தி வைத்துத்தான் பயம் காட்டியது.

மாமியின் கதைக்குப் பிறகு உளவளத்துணை செய்கிற ஒரு மிஸ்ஸிடம் போனேன். அவர் பொஸ்டன் கதை ஒன்று சொன்னார். 2013இல் அங்கே மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்ததல்லவா, அதற்கு அடுத்த கிழமை நாளுக்கு ஆறு மணித்தியாலமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்தில் நின்றவர்களைவிட மன அழுத்தம் கூடுதலாக இருந்ததாம். ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம். நான் என் கணக்கை விரல் மடித்து எண்ணினேன். ஒன்பது மணித்தியாலம் வந்தது.

அப்புறம் அந்த இரண்டு மணித்தியாலத்தை யோசித்தேன். சுமாத்திராவிலிருந்து வர அவ்வளவு நேரம் எடுக்கும் என்றால், மூன்று நிமிசத்துக்கு ஒருக்கால் நான் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. 2004 மாதிரி இல்லை இப்போது. கரையில் எச்சரிக்கைக் கோபுரம் நிற்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு எடுக்க 117 என்ற நம்பர் இருக்கிறது. கிராம சேவகரின் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கிறது. கரையில் நிற்கும்போது நிலம் பலமாகக் குலுங்கினாலோ, கடல் உள்ளே வாங்கினாலோ ஒரு செய்தியும் வேண்டாம், ஓட வேண்டியதுதான்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்குகிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் பொலித்தீனில் சுற்றி உள்ளே கிடக்கின்றன. டோர்ச், மருந்து, ஒரு சோடி உடுப்பு. எந்த வழியால் போவது, பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறோம். மகன் தன் மாபிள் போத்தலையும் பைக்குள் திணித்திருக்கிறான். பாரம்தான், எடுக்கச் சொல்லவில்லை.

செய்தி காலையில் ஒருக்கால், இரவு ஏழு மணிக்கு ஒருக்கால். மற்ற நேரம் போன், சட்டைப் பொத்தான் போட்டு வைக்கிற பிஸ்கட் ரின்னுக்குள். மணியடித்தால் பொத்தானெல்லாம் சேர்ந்து அதிரும், கட்டாயம் கேட்கும். எல்லா நாளும் சரிவருகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சில இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்து, கை தானாக ரின்னைத் தேடும். அப்போது பின் கதவைத் திறந்து நிற்பேன். மார்கழிக் கடல் இரையும், ஒவ்வொரு வருசமும் இரைவதுதான். உடம்பு கொஞ்சம் குளிர்ந்ததும் வந்து படுத்துவிடுவேன். இரண்டு தரம் ரின்னைத் திறந்தும் விட்டேன்.

மாமியிடம் மன்னிப்புக் கேட்க பஸ் ஏறிப் போனேன், கையில் புதுச் செருப்பு ஒரு சோடி. காலில் போட்டு முற்றத்தில் நாலடி நடந்து பார்த்துவிட்டு, "இதப் போட்டு ஓட ஏலா புள்ள, வழுக்கும்" என்றார். திட்டவே இல்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

இப்போது குரூப்பில் எது வந்தாலும் மாமி முதலில் எனக்குத்தான் எடுக்கிறார். நேற்றும் ரின் அதிர்ந்தது.

"புள்ள, ஏதும் நியூஸ் பாத்தியா?"

"இன்னும் ஏழு மணி ஆகல்ல மாமி."

"சரி சரி. மறுகா எடுக்கிறன்."