கண்ணாடியில் தங்கும் ஈரம்

மருந்து ஆய்வகத்தில் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களை, பிப்பெட்டை (திரவத்தை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாய்) கையில் எடுத்ததும் அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கச் சொல்வேன். 25 மில்லி, 20°C, ஏ கிளாஸ் (துல்லியம் கூடிய தரம்) என்று கடகடவென்று படித்துவிடுவார்கள். பக்கத்தில் சிறிதாக இருக்கும் 'எக்ஸ்' (Ex) என்ற இரண்டெழுத்து மட்டும் கண்ணில் படாது. சில பிப்பெட்டில் அதுவே 'டிடி' (TD) என்று இருக்கும். திட்ட அளவுக் குடுவையில் அந்த இடத்தில் 'இன்' (In) அல்லது 'டிசி' (TC) என்று பார்க்கலாம்.

'இன்' போட்ட 100 மில்லி குடுவையில் கோடு வரை நிரப்பினால், உள்ளே இருப்பதுதான் 100 மில்லி. அதைக் கவிழ்த்து ஊற்றினால் அவ்வளவும் வராது, சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். 'எக்ஸ்' போட்ட பிப்பெட் நேர்மாறு. உட்சுவரில் தங்கும் ஈரத்தையும் முனையில் நிற்கும் சொட்டையும் கழித்த பிறகு வெளியே வருவது 25 மில்லி. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கோடே போட்டிருக்கிறார்கள்.

"மேடம், முனையில இன்னும் கொஞ்சம் நிக்குதே, ரப்பர் பல்பை அழுத்தி விட்டுடவா?"

ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வேண்டாம்ப்பா, முனையைக் குடுவையின் சுவரில் தொடு, சில விநாடி பொறு, எடுத்துவிடு என்பேன். 10 மில்லி ஏ கிளாஸ் பிப்பெட்டுக்கு அனுமதித்த பிழை 0.02 மில்லிதான். ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லி. அரைச் சொட்டை ஊதித் தள்ளினாலே வரம்பு தாண்டிவிடும். கடைசிச் சொட்டையும் ஊதி எடுக்க வேண்டிய பிப்பெட்டுகளும் உண்டு. அவற்றின் மேற்பகுதியில் அதற்கென்று தனி வளையக் குறி இருக்கும். எது எந்த வகை என்று பார்க்காமல் கைப்பழக்கத்தில் வேலை செய்வது எனக்குப் பிடிக்காது.

தங்கும் ஈரம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் தங்க வேண்டும், அதுதான் முக்கியம். கண்ணாடி சுத்தமாக இருந்தால் தண்ணீர் முழுப் படலமாக வழிந்து இறங்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் படலம் உடைந்து முத்து முத்தாக நிற்கும். பியூரெட்டில் (அடியில் திருகு வைத்து, திரவத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் அளவுக் குழாய்) அப்படி நாலு முத்து நின்றாலே டைட்டர், அதாவது அதிலிருந்து இறங்கியதாகக் குறிக்கும் அளவு, நம்பிக்கைக்குரியதில்லை. அதைக் கழுவப் போட்டுவிட்டு வேறு பியூரெட் எடுப்பதுதான் சரி. அவசரமாக ரிப்போர்ட் கேட்கிறார்கள் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

இருமல் சிரப் வந்தால் கதையே வேறு. பிப்பெட்டின் கோடு தண்ணீர் வழியும் விதத்தை வைத்துப் போட்டது. பாகு அப்படி வழியாது, சுவரில் கனமாக ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் எவ்வளவு வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே நாங்கள் சிரப்பை எடை போட்டுத்தான் எடுப்போம். அடர்த்தியைத் தனியாகப் பார்த்து மில்லிக்கு மாற்றிக்கொள்வோம். பிப்பெட்டை ஒதுக்கி வைக்கத் தெரிவதும் அளவறிந்த கைதான்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 30°C-ல் 1 லிட்டருக்கு நிரப்பிய தண்ணீர் 20°C-க்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 2.5 மில்லி சுருங்கும். போரோசிலிகேட் குடுவை அதே வித்தியாசத்துக்கு 0.1 மில்லிதான் மாறும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைந்து சூடாக இருக்கும்போதே கோடு வரை நிரப்பிவிடுகிறவர்களை நான் கைபிடித்து நிறுத்துவது இதனால்தான். ஆறட்டும், பிறகு நிரப்பலாம்.

பிப்பெட் சரியா என்று பார்க்க எங்களுக்குத் தண்ணீரும் தராசும் போதும். அறையும் தண்ணீரும் 27°C-ல் இருந்தால், 25 மில்லி பிப்பெட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் தராசில் 24.89 கிராம் அளவில் நிற்க வேண்டும். தண்ணீரின் அடர்த்தியும் காற்றின் மிதப்பு விசையும் சேர்ந்த கணக்கு அது. பல தடவை எடுத்து, சராசரி 0.03-க்கு மேல் விலகினால் அந்தப் பிப்பெட்டை அளவு வேலையிலிருந்து எடுத்துவிடுவோம். சராசரி சரியாக இருந்தும் ஒவ்வொரு தடவையும் எண் தாவினால், நான் முதலில் கழுவிய விதத்தைப் பார்ப்பேன், பிறகு பிடித்த கையை.