தொலைந்ததா, விட்டுப் போனதா?

சென்னைப் புறநகரில் ஒரு விலங்குகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். போன் எடுப்பது, வருகிற நாயைப் பதிவேட்டில் ஏற்றுவது, நாய் கேட்டு வருகிறவர்களிடம் பேசுவது என் பொறுப்பு. சேரும்போது நாள் முழுக்க நாய்களோடு இருக்கலாம் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் மனிதர்களோடுதான் மல்லுக்கட்டு.

"சார், எங்க தெருவுல ஒரு நாய் அநாதையா சுத்துது, வந்து தூக்கிட்டுப் போங்க." தினமும் வருகிற போன் இது. நான் முதலில் கேட்பது காதைப் பற்றி. காதில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால், அது கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்பட்ட நாய். 2023ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகளும் அப்படித்தான் விடச் சொல்கின்றன. சென்னைக்கு இது புதிதும் இல்லை, ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலேயே இங்கே கருத்தடையைத் தொடங்கிவிட்டது. அந்த நாய்க்கு டீக்கடையில் பொறை உண்டு, படுக்க நிழல் உண்டு, தெருமுனைக்கு ஒன்றாக மூன்று பெயர்கூட இருக்கும். அதைத் தூக்கி வந்து கூண்டில் அடைத்தால், இருந்த வீட்டைப் பிடுங்கியதாகத்தான் ஆகும்.

நிஜமாகவே தொலைந்த நாய் வேறு மாதிரி. தீபாவளி சமயத்தில் இவை அதிகம். வெடிச் சத்தத்தில் மிரண்டு, கேட் திறந்த நேரம் பார்த்து ஓடியிருக்கும். ஓர் இடத்தில் நிற்காது. கார் அடியிலும் பாதி கட்டிய கட்டடங்களிலும் பதுங்கும். அந்த மிரட்சியில் வளர்த்தவர் கூப்பிட்டாலும் வராது. துரத்தாதீர்கள், கடைசியாகப் பார்த்த இடத்தில் நீங்கள் உடுத்திய துவைக்காத துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் அமைதியாக உட்காருங்கள் என்போம். பிடிபட்டு இங்கே வந்தால் ஸ்கேனரைக் கழுத்தருகே ஓட்டிப் பார்ப்போம். தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அது அரிசி மணி அளவுதான், உள்ளே 15 இலக்க எண். அந்த எண்ணோடு பதிந்த போன் நம்பர் பழசாக இருந்தால், சிப் இருந்தும் பிரயோஜனம் இல்லை. மாற்றிய நம்பரைப் பேங்குக்குச் சொல்கிறோம், நாய்க்கு யாரும் சொல்வதில்லை.

அப்புறம், வளர்த்தவர்களே விட்டுப் போன நாய்கள். இவை ஓடுவதில்லை. பாலத்தடியிலோ பைபாஸ் ஓரத்திலோ இறக்கிவிட்ட இடத்தைச் சுற்றியே இருக்கும். கார் வந்து நின்றால் எழுந்துபோய்க் கதவருகே நிற்கும். கழுத்தில் பட்டை இருக்காது, ஆனால் பட்டை இருந்த இடத்தில் முடி தேய்ந்த தடம் இருக்கும். டைல்ஸ் தரையில் வளர்ந்ததால் நகம் நீண்டிருக்கும். "சிட்" என்றால் மரியாதையாக உட்காரும். குட்டி போட்டுப் போட்டு மடி தொங்கிப்போன பெண் நாய் என்றால், விற்பனைக்குக் குட்டி எடுத்தவர்கள் கழித்துவிட்டது என்று நாங்களே ஊகித்துக்கொள்வோம். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மாலில் வண்டி நிறுத்தவே அதைவிட அதிகம் ஆகிறது.

நாய்களுக்கு வீடு பார்ப்பது இதற்கெல்லாம் பிறகு வருகிற வேலை, இதைவிடக் கஷ்டமான வேலையும்கூட. கேட்டு வருகிறவர்களில் பலருக்கு லாப் (லாப்ரடார்) வேண்டும், இல்லாவிட்டால் குளிர்நாட்டு ஹஸ்கி. இந்த வெயிலில் ஹஸ்கியை எங்கே வைப்பீர்கள் என்றால் ஏசி ரூம் இருக்கிறது என்பார்கள். கரண்ட் போனால்? பதில் வராது. நாட்டுக் குட்டிகளோ யாரும் கேட்காமல் இங்கேயே வளர்ந்து பெரிதாகின்றன.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனர் சம்மதித்தாரா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்போம். வீட்டில் எல்லோரையும் ஒருமுறை கூட்டிவரச் சொல்வோம். சிலருக்குக் கோபம் வரும், நாய்க்குப் பொண்ணு பாக்குற மாதிரி கேக்குறீங்களே என்று. பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுகிறவர்களைவிட, மாதம் எவ்வளவு ஆகும், உண்ணிக் காய்ச்சல் வருமா, அடுத்த ஊசி எப்போது என்று கேட்கிறவர்கள்மேல்தான் எனக்கு நம்பிக்கை.

வயதான ஒரு லாப் ரொம்ப நாளாக எங்களிடம் கிடந்தது, பின்னங்கால் இரண்டும் தளர்ந்துபோய். பார்த்தவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டிவிட்டுக் குட்டிகள் பக்கம் போய்விடுவார்கள். தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா ஒருநாள் வந்தார்.

"தம்பி, இது மாடி ஏறுமா?"

"ஏறாதுக்கா."

"பரவால்ல, கடை கீழதான். மாத்திரைக்கு எவ்ளோ ஆவும்?"

சொன்னேன். கொஞ்சநேரம் கணக்குப் போட்டார். "சரி, பாத்துக்கலாம். ஆனா மிஷின் சத்தத்துக்குப் பயப்படுமா?"

அது எனக்கும் தெரியவில்லை. வைத்துப் பாருங்கள், சரிவராவிட்டால் நாங்களே வந்து கூட்டிப்போகிறோம் என்றேன். மறுநாளே போன் வந்தது.

"மிஷினுக்கெல்லாம் பயப்படல தம்பி. ஜாக்கெட் வாங்க வர்றவங்க பையை எல்லாம் மோந்து பாத்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துடுது. அதுக்கு என்ன பண்றது?"