டெலொரிமியே மூலை: ஒரு கோடை நாட்குறிப்பு

2024 ஜூன் 8, சனி

இன்று காலை பேஸ்போல் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரம், பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். அடுத்த கிழமையிலிருந்து தம்பி கீழ் அணியில் விளையாடட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேகம் இருக்கிறது, ஆனால் பந்து சொன்ன இடத்துக்குப் போவதில்லை, அதுதான் காரணம். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் கோடை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் இதைக் கேட்க நெஞ்சு கனத்தது.

தம்பிக்குப் பதின்மூன்று வயது. அம்மம்மா பழக்கியதால் சாப்பிடுவது வலக்கையால். பந்து எறிவது இடக்கையால், அதை ஒருவராலும் மாற்ற முடியவில்லை. இங்கே மொன்றியலில், பிரெஞ்சில் இடக்கைக்காரனை 'கோஷே' என்பார்கள். இடக்கைப் பந்துவீச்சாளன் என்றால் எந்த அணியும் ஒரு முறை திரும்பிப் பார்க்கும். வீட்டுக்கு வரும் வழியில் காரின் பின் இருக்கையில் கையுறையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கீழ்வீட்டு மொசியேக்கு (பிரெஞ்சில் 'ஐயா' என்பது போல) எண்பது தாண்டிவிட்டது. பின்னேரங்களில் வெளிப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். தம்பி சுவரில் பந்தை அடித்துப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஏன் இவ்வளவு கோபமாக எறிகிறான் என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு ஒரு பெயர் சொன்னார்: ரொமி லசோர்டா.

எனக்குத் தெரிந்த லசோர்டா தொலைக்காட்சியில் பார்த்த வெள்ளைத் தலைக் கிழவர். லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸின் மனேஜர், அதாவது அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர், பெரிய வயிறு, பெரிய குரல், 2021 ஜனவரியில் 93 வயதில் காலமானவர். மொசியேக்குத் தெரிந்தவர் வேறு ஆள். மெல்லிய உடம்பு, இடக்கை, வளைந்து விழும் பந்து, சட்டென்று மூக்குக்கு மேல் வரும் கோபம். மொன்றியல் ரோயல்ஸ் அணியின் பந்துவீச்சாளர். மொசியே சிறுவனாக இருந்தபோது தகப்பனோடு டெலொரிமியே அரங்குக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்.

தம்பி பந்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூன் 12, புதன்

மூன்று இரவாக இதையேதான் வாசிக்கிறேன். பகல் முழுக்க வான் ஓட்டி, வீடுவீடாகப் பெட்டி இறக்கிவிட்டு வந்தால் பத்து மணிக்கே கண் சொருகிவிடும். இந்த மூன்று இரவும் அப்படி இல்லை.

லசோர்டா 1927இல் பென்சில்வேனியாவில் நொரிஸ்ரவுன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பன் இத்தாலியிலிருந்து வந்தவர், கல் குவாரியில் லொறி ஓட்டியவர். வீட்டில் ஐந்து ஆண் பிள்ளைகள். 1945இல் பிலடெல்பியா பிலீஸ் அணி ஒப்பந்தம் செய்தது. இடையில் இராணுவ சேவை. 1948 மே 31 அன்று ஸ்கெனெக்ரடி என்ற சின்ன ஊர் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 15 இனிங்ஸ் பந்து வீசினார். வழமையான ஆட்டமே ஒன்பது இனிங்ஸ்தான். அன்று 25 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். கடைசியில் வெற்றி ஓட்டத்தையும் அவரே மட்டையால் அடித்துக் கொண்டுவந்தார். அது, உச்சத்திலுள்ள மேஜர் லீக் வரை போகும் ஏணியின் அடிப்படிகளில் ஒன்று, 'சி' வகுப்பு லீக். அந்த ஆட்டங்களைப் பார்த்துத்தான் டொட்ஜர்ஸ் அவரைத் தங்கள் பக்கம் எடுத்தது.

1950இல் மொன்றியலுக்கு வந்தார். ரோயல்ஸ் அப்போது புரூக்ளின் டொட்ஜர்ஸின் (பிறகு லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போன அதே அணிதான்) கீழ் அணி. மேஜர் லீக்கிற்கு ஒரே ஒரு படி கீழே. கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீக் கதவைத் திறந்த ஜாக்கி ரொபின்சன் 1946இல் விளையாடியதும் இதே அணிக்குத்தான். அந்த ஒரு படிதான் மலை மாதிரி. அந்தக் காலத்தில் மேஜர் லீக்கில் மொத்தமே 16 அணிகள், அணிக்கு 25 பேர். எண்ணிப் பார்த்தால் 400 இடங்கள், அவ்வளவுதான். அந்த 400க்கு வெளியே நின்றவர்கள் எல்லோரும் திறமை இல்லாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

ஒன்பது பருவங்கள், நடுவில் போவதும் வருவதுமாக, மொன்றியலுக்கு விளையாடினார். ரோயல்ஸுக்காக 107 ஆட்டங்களை வென்றார். அந்த அணியின் வரலாற்றில் வேறு எந்தப் பந்துவீச்சாளரும் அவ்வளவு வெல்லவில்லை.

மேஜர் லீக்கில் அவருடைய கணக்கு: 26 ஆட்டங்கள், நான்கு தோல்விகள், வெற்றி பூச்சியம்.

ஜூன் 15, சனி

கீழ் அணியில் தம்பியின் முதல் ஆட்டம். இரண்டு இனிங்ஸ் வீசினான். தவறான பந்துகளால் நான்கு பேரைச் சும்மா முதல் தளத்துக்கு நடக்க விட்டான். ஒரு பந்து, அதைப் பிடிக்க வேண்டிய கட்சரின் தலைக்கு மேலால் போய் வேலியில் 'டங்' என்று அடித்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இரவு அவனுக்கு 1955 மே 5 பற்றிச் சொன்னேன். லசோர்டா புரூக்ளினுக்காக முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்கிய நாள். எதிரணி சென்ற் லூயிஸ். பல வருடமாகக் காத்திருந்த நாள். முதல் இனிங்ஸிலேயே கட்சருக்கு எட்டாமல் மூன்று பந்துகள் போயின. ஒரே இனிங்ஸில் மூன்று வைல்ட் பிச், லீக் சாதனையைச் சமன் செய்யும் அளவு. மூன்றாவது போனபோது எதிரணி ஆள் ஓடிவர, இவர் ஹோம் பிளேற்றை மறைக்க ஓடினார். மோதலில் அந்த ஆளின் சப்பாத்து முள் காலைக் கிழித்துவிட்டது. அந்த இனிங்ஸோடு அவரை வெளியே எடுத்தார்கள். டொட்ஜர்ஸுக்காக அவர் தொடங்கிய ஒரே ஆட்டம் அதுதான்.

"மூன்று மட்டும்தானா?" என்று கேட்டான் தம்பி. தன்னுடையதை மனதுக்குள் எண்ணியிருப்பான்.

ஜூன் 17, திங்கள்

கூஃபக்ஸ் கதையை இன்றைக்குத்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

அப்போது ஒரு விதி இருந்தது. புதிதாகச் சேரும் பையனுக்கு 4,000 டொலருக்கு மேல் கொடுத்து ஒப்பந்தம் செய்தால், அவனை இரண்டு வருடம் மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும், கீழே அனுப்பக்கூடாது. பணக்கார அணிகள் இளம் பையன்களை வாரிக்கொண்டு போகாமல் தடுக்கத்தான் அந்த விதி. புரூக்ளின் 14,000 டொலர் கொடுத்து இளம் இடக்கைக்காரன் ஒருவனை எடுத்தது, சான்டி கூஃபக்ஸ். அவனும் அப்போது பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் எறிந்தவன்தான். ஆனால் விதிப்படி அவனைக் கீழே அனுப்ப முடியாது. யாரோ ஒருவர் இடம் விட வேண்டும். 1955 ஜூனில் லசோர்டாவைத் திரும்ப மொன்றியலுக்கு அனுப்பினார்கள். அந்த வருடம்தான் புரூக்ளின் தன் முதலாவதும் கடைசியுமான உலகத் தொடரை, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியை, வென்றது.

கூஃபக்ஸ் பிறகு என்ன ஆனார் என்பது பேஸ்போல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த இடக்கைக்காரர். அவருக்காக இடம் விட்டவன் நான் என்று லசோர்டா வாழ்நாள் முழுக்க மேடைகளில் சொல்லிச் சிரிக்க வைத்தார். அந்த ஜூன் மாதத்தில் ரயிலேறி இங்கே வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்திருக்காது. வயது 27. வீட்டில் மனைவி, சின்னப் பிள்ளை.

அடுத்த வருடம் இன்னொரு மேஜர் லீக் அணியான கன்சாஸ் சிற்றி அவரை எடுத்தது. அந்த நான்கு தோல்விகளும் அங்கேதான். பிறகு மறுபடி கீழ் அணிகள்: டென்வர், லொஸ் ஏஞ்சலிஸ், திரும்பவும் மொன்றியல். 1958இல் 18 வெற்றி, 6 தோல்வி, லீக்கின் சிறந்த பந்துவீச்சாளர் விருது. அப்போதும் மேலேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. 1960 கோடையில் ரோயல்ஸ் அவரை விடுவித்தது. அந்த வருட முடிவில் ரோயல்ஸ் அணியே இல்லாமல் போனது.

ஜூன் 24, திங்கள்

கியூபெக்கின் சென் ஜோன் விடுமுறை. தெருவெல்லாம் நீலக்கொடி. மெற்றோவில் ஃபிரொன்ற்னாக் நிலையத்தில் இறங்கி, ஒன்ராரியோ வீதியால் மேற்கே நடந்தோம், நானும் தம்பியும். மொசியேயையும் கூட்டிப்போக ஆசை. முழங்கால் விடாது என்றார்.

டெலொரிமியே மூலையில் இப்போது பள்ளிக்கூடம் நிற்கிறது. அரங்கின் ஒரு செங்கல்லும் மிச்சமில்லை. 1928இல் திறந்த இடம், இருபதாயிரம் பேர் வரை இருந்து பார்க்கலாம். பந்துவீச்சாளர் நிற்கும் மேடு எந்தத் திசையில் இருந்திருக்கும் என்று தம்பி கேட்டான். தெரியவில்லை என்றேன். அவனாகவே ஒரு இடத்தைத் தீர்மானித்தான். நடைபாதையில் நின்று காலை உயர்த்தி, கையில் பந்து இல்லாமல் ஒரு தடவை எறிந்தான். வலது கால் ஊன்றியபோது தலை ஆடாமல் நேராக இருந்தது. அவன் பந்து தவறும்போதெல்லாம் தலை இடப்பக்கம் சரிந்துவிடும், நான் பல நாள் கவனித்திருக்கிறேன். இன்றைக்குச் சரியவில்லை.

பக்கத்தில் நாயோடு வந்த ஒரு பெண் ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

ஜூன் 27, வியாழன்

மனேஜராக ஆன பகுதிக்கு வந்துவிட்டேன். இதைத்தான் தம்பிக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

1961 முதல் சில வருடம் டொட்ஜர்ஸுக்கு இளம் வீரர்களைத் தேடும் வேலை. 1966இல் யூட்டாவிலுள்ள ஒக்டன் என்ற ஊரின் அணிக்கு மனேஜர். அது ஏணியின் அடிப்படி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு வரும் பையன்கள், இரவிரவாக பஸ் பயணம். மூன்று வருடமும் லீக்கில் முதலிடம். பிறகு ஸ்போகேன், 1970இல் பசிபிக் கோஸ்ற் லீக் கிண்ணம். பிறகு அல்புகேர்க்கி, 1972இல் மறுபடி கிண்ணம்.

கிண்ணங்களை விட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. பில் ரசல் வெளிக்களத்தில் விளையாட வந்த பையன், இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் ஷோர்ட் ஸ்டொப் ஆனான். டேவி லோப்ஸும் வெளிக்களம்தான், இரண்டாம் தளத்துக்கு மாற்றினார்கள். ஸ்டீவ் கார்வி, ரொன் சே. நால்வரும் இந்த ஒக்டன், ஸ்போகேன், அல்புகேர்க்கி வழியாக லசோர்டாவின் கையில் வளர்ந்தவர்கள். 1973இல் டொட்ஜர்ஸின் உட்களத்தில் ஒன்றாக நிற்கத் தொடங்கி, 1981 வரை அந்த நால்வரும் அப்படியே நின்றார்கள். அத்தனை வருடம் ஒரே நால்வர் கலையாமல் நின்றது பெரிய விசயம். ஒருவனைப் புது இடத்துக்கு மாற்றினால் முதல் மாதம் முழுக்கப் பிழை விடுவான். அந்த மாதத்தில் அவனை நம்பிக்கொண்டு பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும்.

1976 செப்ரெம்பர் கடைசியில் வோல்ற்றர் ஓல்ஸ்ரன் ஓய்வு பெற, பருவத்தில் நான்கு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது லசோர்டா டொட்ஜர்ஸ் மனேஜர் ஆனார். இந்த ஓல்ஸ்ரன்தான் 1950 முதல் 1953 வரை மொன்றியலில் லசோர்டாவின் மனேஜர். 1955இல் அந்த ஒரு இனிங்ஸோடு அவரை வெளியே எடுத்தவரும் அவரே. ஓல்ஸ்ரனும் மேஜர் லீக்கில் மட்டை பிடித்தது ஒரே ஒரு தடவை, 1936இல். ஸ்ட்ரைக் அவுட். பிறகு டொட்ஜர்ஸுக்கு 23 வருடம் மனேஜர், ஒவ்வொரு வருடமும் ஒரு வருட ஒப்பந்தம். மேலே நிலைக்காத ஒருவர், மேலே நிலைக்காத இன்னொருவர் கையில் அணியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நடுச்சாமத்தில் இதை வாசித்துவிட்டு மனைவியை எழுப்பிச் சொன்னேன். காலையில் சொல்லுங்கோ என்றா.

ஜூலை 3, புதன்

மொசியேயிடம் 1981 பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது.

ஒக்ரோபர் 19, திங்கட்கிழமை, ஒலிம்பிக் அரங்கு. மொன்றியலின் மேஜர் லீக் அணியான எக்ஸ்போஸ் அந்த ஆட்டத்தை வென்றால் உலகத் தொடருக்குப் போகலாம். ஒன்பதாவது இனிங்ஸ், இரண்டு பேர் அவுட், சமநிலை. டொட்ஜர்ஸின் ரிக் மண்டே ஹோம் ரன் அடித்தார். 2-1. இந்த ஊரில் இன்றைக்கும் அதை நீலத் திங்கள் என்றுதான் சொல்வார்கள். எக்ஸ்போஸ் 2004க்குப் பிறகு இங்கே இல்லை, உலகத் தொடரை ஒரு தடவையும் பார்க்காமலேயே போனது. அன்று எதிர்ப்பக்கத்தில் நின்ற மனேஜர் லசோர்டா, இந்த ஊரின் 107 வெற்றிக்காரர். மொசியே அன்றைக்கு அழுதாராம். ஆனால் அவர்மேல் கோபம் வரவில்லையாம், இவன் எங்கள் ஆள் என்றுதான் நினைத்தாராம்.

ஜூலை 9, செவ்வாய்

தம்பிக்குப் பிடித்தது ஹேர்ஷைசர் கதை. ஓரெல் ஹேர்ஷைசர், அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது 17வது சுற்றில்தான் தேர்வான டொட்ஜர்ஸ் பந்துவீச்சாளர். மெலிந்த உடம்பு, கண்ணாடி. மட்டைக்காரர்களுக்குப் பயந்து பந்தை ஓரம் ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். 1984இல் லசோர்டா அவரை அறைக்குள் கூப்பிட்டு, உரத்த குரலில் ஒரு பிடி பிடித்தார். உன்னிடம் இருக்கும் பந்து நல்ல பந்து, நடுவில் போடு என்பதுதான் அதன் சாரம். 'புல்டோக்' என்று பட்டப்பெயரும் வைத்தார். நான்கு வருடம் கழித்து, 1988இல், ஹேர்ஷைசர் தொடர்ந்து 59 இனிங்ஸ் ஓட்டமே கொடுக்காமல் வீசினார். அந்த ஒக்ரோபரில் டொட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது.

தன் பந்து மேஜர் லீக்கில் எடுபடாது என்ற பயம் எப்படி இருக்கும் என்று லசோர்டாவுக்குத் தெரியும். 26 ஆட்டமும் அந்தப் பயத்தோடு நின்றவர். மேஜர் லீக்கில் நூறு வெற்றி பெற்ற ஒருவருக்கு ஹேர்ஷைசரின் கண்ணில் அது தெரிந்திருக்குமோ என்னவோ.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று தம்பி மூன்று இனிங்ஸ். ஒருவரை மட்டும் நடக்க விட்டான். மேல் அணியிலிருந்து அழைப்பு வரவில்லை. அவனும் கேட்கவில்லை.

இரவு சிட்னி பற்றிச் சொன்னேன். லசோர்டா 1996இல் மாரடைப்புக்குப் பிறகு மனேஜர் வேலையை விட்டார். 1,599 வெற்றிகள், அடுத்த வருடமே ஹோல் ஒஃப் ஃபேம், பேஸ்போலின் புகழ் மண்டபம். 2000இல் ஒலிம்பிக் வந்தது. மேஜர் லீக் ஆட்கள் வரவில்லை, அமெரிக்கா அனுப்பியது மைனர் லீக் ஆட்களை. இளம் பையன்கள் சிலர், மேலே போய்த் திரும்பி வந்த வயதானவர்கள் சிலர். 73 வயதில் அவர்களுக்கு மனேஜராக லசோர்டா போனார். எதிரே கியூபா, முந்திய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அணி. இறுதி ஆட்டத்தில் பென் ஷீற்ஸ் என்ற 22 வயதுப் பையன் கியூபாவை ஒரு ஓட்டமும் எடுக்க விடவில்லை. 4-0.

"அவருக்கும் தங்கமா?"

ஒலிம்பிக்கில் பயிற்சியாளர்களுக்கு, மனேஜர்களுக்குப் பதக்கம் கிடையாது என்றேன். பையன்களின் கழுத்தில் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய், கையுறைக்குள் பந்தை வைத்து, வடிவம் குலையாமல் இலாஸ்ரிக் போட்டுக் கட்டினான். செவ்வாய் ஆறு மணிக்கு ஆட்டம். வெள்ளைக் காற்சட்டையின் முழங்காலில் இன்னும் சிவப்பு மண், அதை நாளைக்கே ஊறப்போட வேண்டும்.