சென்னகேசவா, தம்பி உன் மலை ஏறிவிட்டான்

தம்பி விபத்தில் கால் முறிந்து படுத்திருந்தபோது அம்மா வேண்டிக்கொண்டார்: "அவன் எழுந்து நடக்கட்டும். சங்ககிரி மலையை அவன் காலாலேயே ஏறவைத்து உனக்குத் துளசி மாலை சாத்துகிறேன், சென்னகேசவா." புரட்டாசிச் சனிக்கிழமை அந்தக் கடனைத் தீர்த்துவிட்டோம்.

சேலத்தில் விடியற்காலையிலேயே ஈரோடு பஸ் பிடித்தும், சங்ககிரியில் இறங்கும்போது கூட்டம் சேர்ந்துவிட்டது. மாலை விலை கேட்டால் நெஞ்சு வலிக்கிறது. வண்டி நிறுத்த ஒருவர் காசு கேட்கிறார், செருப்பு விட இன்னொருவர் கேட்கிறார். "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று ஓர் ஆள் தம்பியின் கையைப் பிடித்தே இழுத்தார். புரட்டாசி என்றால் பக்தனைக் கறப்பதற்கான மாதமா? பெருமாளைப் பார்க்க எதற்கு இடையில் ஆள்?

மூட்டுவலியால் அம்மா ஏறவில்லை. அடிவாரத்தில் அமர்ந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

கோட்டை வாசல்களைத் தாண்டித் தாண்டிப் போகிறது பாதை. பாதி மலையில் தம்பிக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. "போதும் தம்பி, இங்கிருந்தே சேவித்துக்கொள், அவர் ஏற்றுக்கொள்வார்" என்றேன். "அம்மா சொன்னது மேலே போய்த்தானே அக்கா" என்று மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறங்கி வந்த ஒரு பாட்டி, "கோவிந்தா சொல்லிக்கொண்டே ஏறு கண்ணு, கால் தானாக வரும்" என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவன் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தீரன் சின்னமலையின் நினைவு வந்தது. கொங்குநாட்டில் பிறந்து இந்த மலையைப் பார்த்தால் அவர் நினைவு வராமல் போகாது. 1756இல் காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் தீர்த்தகிரியாகப் பிறந்தவர். மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையில் ஒரு சின்னமலை பறித்தான் என்று சொல்" என்று அனுப்பினார் என்பார்கள். முருகன் குடியிருக்கும் இரண்டு மலைகளுக்கு நடுவே தன்னையும் ஒரு மலையாக வைத்துப் பேசியிருக்கிறார்! பின்னால் அதே மைசூரின் திப்பு சுல்தானுக்குத் துணையாகப் படை கொண்டுபோய் வெள்ளையரை எதிர்த்தார். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகும் அடங்கவில்லை. ஈரோடு பக்கம் ஓடாநிலை என்ற ஊரில் கோட்டை கட்டிக்கொண்டு தனியாகவே போரிட்டார். கடைசியில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார்.

இந்தச் சங்ககிரியும் ஒருகாலத்தில் திப்புவின் கோட்டைதான். 1792 உடன்படிக்கையில் சேலத்துச் சீமையோடு வெள்ளையரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. நண்பனின் கோட்டையாக இருந்த இதே இடத்தில்தான் 1805 ஜூலை 31 அன்று சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். காவிரியின் புதுவெள்ளத்தை வணங்கும் ஆடிப்பெருக்கு நாள் அது என்பது கொங்குநாட்டு வழக்கு. அவரோடு சகோதரர்களையும் அவர் படைத்தளபதி கருப்பசேர்வையையும் தூக்கிலிட்டார்கள். உடன்பிறந்தவர்களோடு ஒருவர் சாவதற்கு ஏறிய மலையில், பிழைத்து வந்த என் தம்பியோடு நான் நன்றி சொல்ல ஏறிக்கொண்டிருந்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. அந்தத் தாய் எந்தச் சாமியிடம் என்ன வேண்டியிருப்பாள்?

அப்படிப்பட்ட மதிலில் பெயிண்டால் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கட்டு ஓரமெல்லாம் தண்ணீர் பாட்டில்கள். கோவிந்தா போட்டுக்கொண்டே குப்பையையும் போட எப்படி மனம் வருகிறது? மலையில் பெருமாள் இருக்கிறார், தர்காவும் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்காரர்களும் கும்பிட வரும் இடம் இது.

உச்சியில் நெருக்கித் தள்ளினார்கள். சன்னிதி முன்னால் ஒரு நொடிதான் கிடைத்தது. அம்மாவின் மாலை கைமாறி உள்ளே போவது தெரிந்தது. ஆரத்தி எழுந்தது. கேசவனின் முகம் துலங்கியது. வீட்டிலிருந்தே வரிசைப்படுத்தி வைத்திருந்த வேண்டுதல்கள் எதுவும் நினைவில் இல்லை. பக்கத்தில் தம்பி இரண்டு காலிலும் ஊன்றி நிற்கிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது. "இது போதும், இது போதும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தீர்த்தம் வாங்கினேனா, சடாரி வைத்தார்களா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்ததும் தம்பி நெய்விளக்கு ஏற்றினான். இன்னொன்றை நான் தூக்குமேடை ஏறியவர்களுக்காக ஏற்றினேன். அர்ச்சனையில் அவர்களுக்குக் கோத்திரம், நட்சத்திரம் சொல்ல எனக்குத் தெரியாது. பெருமாளுக்குத் தெரியும்.

இறங்கி வந்து துளசியை அம்மாவின் கையில் கொடுத்தோம். கண்ணில் ஒற்றிக்கொண்டவர், தம்பியின் முழங்காலைத் தடவிப் பார்த்தார். சித்திரைத் திருவிழாவுக்குப் பெருமாள் மலையிலிருந்து ஊருக்குள் எழுந்தருளுவார். அப்போது அம்மாவும் சேவிக்கலாம். வடம் பிடிக்கத் தம்பியை அனுப்புவதாக இப்போதே அடுத்த வேண்டுதலையும் வைத்துவிட்டார்.